கருத்துக்கணிப்புக்குத் தடையா? அந்த மெசேஜ் பொய்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது: தேர்தல் கருத்துக்கணிப்பு எதையும் வெளியிடக் கூடாது என்று அரசு தடை போட்டுவிட்டதாம், மறைத்த கணிப்பு இதோ, கரண்ட் கட்டணத்தைப் பாதியாக்கப்போகும் கட்சிதான் முன்னணியாம். அப்படி ஒரு தடையே கிடையாது. 1998 தேர்தல் சட்டத்தின் 109ஆம் பிரிவு தடுப்பது, ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் எடுத்த கணிப்பை வாக்குப்பதிவு நேரத்தில் வெளியிடுவதை மட்டும்தான். சட்டம் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது, பாருங்கள். கட்டணமும் ஒரு கட்சி நினைத்த மாத்திரத்தில் பாதியாகிவிடாது, நாட்டின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவின் ஒப்புதல் வேண்டும். அப்புறம் அந்த மெசேஜோடு வரும் கணிப்புப் படத்தில் யார் கேட்டார்கள், எத்தனை பேரிடம், எந்தத் தேதியில் என்று ஒரு வரிகூட இல்லை, வெறும் வட்டமும் சதவீதமும்தான். மாமா அனுப்பினாலும் சரி, தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.