அது குப்பை இல்லை, எங்கள் வீடு

போன ஊர்களிலிருந்து கொண்டுவந்த சாமான்களை அடுக்கிய எங்கள் வீட்டு ஷோகேஸைச் செவ்வாய்க்கிழமை படம் எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் போட்டு, இதையெல்லாம் தூக்கி எறிந்தால்தான் வீட்டுக்குள் காற்று வரும் என்று வகுப்பெடுத்தவர் யார் என்று சொல்லப்போவதில்லை. சண்டைக்காக எழுதவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வீட்டில் எது குப்பை என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டை வெறும் சுவராக வைத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும். என் வீட்டில் கை வைக்காதீர்கள்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது? பெயின்ட் உதிர்ந்த ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. சிப்பிகளை ஒட்டிச் செய்த ஒரு சின்ன மயில். சிவப்பு பெயின்ட்டில் ‘கன்னியாகுமரி’ என்று எழுதிய சங்கு. எழுதியவருக்கு இடம் போதாமல் கடைசி ‘ரி’ மட்டும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு பாக்கெட் கலர் மணல். ஒரு பழைய அட்டை டிக்கெட். இவ்வளவுதான். இதற்கு ‘தூசி சேர்க்கும் சாமான்’ என்று பெயர் வைத்தார்கள். தூசி சேரத்தான் செய்யும். துடைப்பவள் நான். உங்களுக்கு என்ன கஷ்டம்?

இவையெல்லாம் எப்படி வந்தன என்று தெரிந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே, “கெளம்புங்க” என்பார். எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. அம்மா பத்து நிமிஷம் திட்டுவாள். திட்டிக்கொண்டே புளிசாதம் கிளறுவாள், இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவுவாள். அப்பத்தா பித்தளைக் கூஜாவில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் தயாராக உட்கார்ந்துவிடும். மதுரையில் அப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கிடையாது, பெரியார் ஸ்டாண்டுதான். பாண்டியன், கட்டபொம்மன், திருவள்ளுவர் என்று போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் இருந்த காலம், 1997-ல் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எந்த பஸ்ஸில் எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கிறதோ அதுதான் எங்கள் ஊர்.

ஒருமுறை யாரோ அப்பாவிடம், “இருக்கிற கடனுக்கு இதெல்லாம் தேவையா?” என்று கேட்டதற்கு அப்பத்தா சொன்னது: “காலு இருக்கும்போது காசு இருக்காது. காசு வரும்போது காலு இருக்காது. ரெண்டும் பாதிப்பாதி இருக்கும்போதே போயிரணும்யா.” எங்கள் குடும்பத்தின் சொத்து என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன். இன்னொன்றும் சொல்லும்: “ஊருக்குப் போயிட்டு வெறுங்கையோட வரக்கூடாது. பெருசா வேணாம். ஒரு புடி மண்ணாவது வரணும்.”

அந்த மணல் பாக்கெட் அப்படி வந்ததுதான். கன்னியாகுமரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். கருப்பு, சிவப்பு, அரிசி நொய் மாதிரி வெள்ளை என்று தனித்தனியாகப் போட்டு விற்பார்கள். சுசீந்திரம் சாமிக்கும் கன்னியாகுமரி அம்மனுக்கும் நடக்க இருந்த கல்யாணம், நாரதர் சேவலாகக் கூவியதால் முகூர்த்தம் தவறி நின்றுபோனது. ஆக்காமல் கிடந்த கல்யாண அரிசியும் பருப்பும்தான் மணலாகிவிட்டன என்பது கதை. அப்பத்தா அதைச் சொல்லிக்கொண்டே மணலை என் உள்ளங்கையில் கொட்டிப் பிரித்துக் காட்டியது. கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று கமெண்டில் பாடம் நடத்திய தம்பிக்கு நன்றி, எனக்கும் தெரியும். நின்றுபோன கல்யாணத்து அரிசியையே குப்பை என்று சொல்ல மனசு வராமல் இத்தனை நூற்றாண்டு கதையாக வைத்திருக்கிறார்கள் இந்த ஊர் ஜனங்கள். அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத்தான் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன்.

அட்டை டிக்கெட் ராமேஸ்வரத்துக்கானது. 1988-ல் ரோட்டுப் பாலம் திறப்பதற்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லாவிட்டால் படகுதான். மீட்டர் கேஜ் ரயில், பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே தண்டவாளம்கூடத் தெரியாது, கடல் மட்டும்தான். அப்பத்தா முந்தியில் முடிந்திருந்த சில்லறையைக் கடலில் போட்டுக் கும்பிட்டது. ஸ்டேஷன் வாசலில் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்பா அந்த டிக்கெட் கலெக்டரிடம், “பிள்ளை ஆசைப்படுது சார், ஒண்ணு மட்டும் குடுங்க” என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தேதி மையில் இருக்காது, அட்டையில் அழுந்திப் பதிந்திருக்கும். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் படிப்பேன்.

“போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு பொருளைத் தூக்கிப் போடலாமே” என்றார்கள். போட்டோவில் அந்தத் தேதியைத் தடவ முடியுமா? போன வருஷம் என் போன் தண்ணீரில் விழுந்தபோது அதிலிருந்த படம் எல்லாம் போயிற்று. சங்கு அப்படியே இருக்கிறது.

“சின்ன வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?” நியாயமான கேள்வி. அவர்கள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். நான் எல்லோரும் ஷோகேஸ் வாங்குங்கள் என்று எங்கே சொன்னேன்?

சங்கு வாங்குவது கடலுக்குக் கெடுதல் என்று கமெண்டில் ஓர் அக்கா சொன்னது சரி. 2001-ல் சில வகைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இனி யாரும் வாங்க வேண்டாம். வாங்கியதை எறிவதால் அது கடலில் உயிரோடு எழுந்து போகப் போவதில்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்று தங்கை போனில் கேட்டாள். சொல்கிறேன். அப்பா போய்க் காரியம் முடிந்த வாரம், வீட்டை ஒழுங்கு பண்ணித் தருகிறேன் என்று உரிமையோடு வந்த ஓர் உறவு பரணை இறக்கியது. நான் சான்றிதழ் விஷயமாக அலைந்துவிட்டுத் திரும்பி வந்தால் கூஜா இல்லை. பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் கேரியர் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் கூஜாவின் அடியில் அப்பத்தா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். உருக்கப் போய்விட்டது என்றார்கள். “ஓட்டைக் கூஜாவுக்கா இந்த அழுகை?” என்றார் அந்த உறவு. அதே குரல்தான் செவ்வாய்க்கிழமை கமெண்டிலும் எனக்குக் கேட்டது. ‘மினிமலிசம்’ என்று அழகான ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் அதே குரல் வேறு குரல் ஆகிவிடாது.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. பொருள் போவதுகூடப் பரவாயில்லை. பொருளைக் கொண்டுவந்த அந்தக் கிளம்பும் பழக்கமே போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொடைக்கானல் போகலாம் என்று பேச்சு ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் திறந்தே விட்டது. தேதிக்கு ஓட்டெடுப்பு, ரூமுக்கு எத்தனை ஸ்டார், யாருக்கு எந்த வண்டி. மலைக்கு 2024-லிருந்து இ-பாஸ் வேறு வேண்டும், கூட்டத்தைப் பார்த்தால் அது தேவையும்தான். ஆனால் பாஸ் கிடைக்காமல் நாம் நிற்கவில்லை. சாப்பாடு நன்றாக இருக்குமா, பாத்ரூம் சுத்தமா, முன்னே போனவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று பார்த்துப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறோம். என் தம்பிக்கு இப்போது காசு இருக்கிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது. அவனை நினைத்துத்தான் அப்பத்தா சொன்னதோ என்று நெஞ்சு அடைக்கிறது.

அதனால் இன்று மதியம் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை பாசஞ்சரில் ராமேஸ்வரம். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து நான் அதில் போகவில்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு இருக்கிறது, தம்பி நடக்க வேண்டியதில்லை. ரூம் போடவில்லை. தம்பியிடம் சொன்னேன், “என்னக்கா திடீர்னு” என்றான். தம்பி மகள் அதற்குள் பையை எடுத்து வைத்துவிட்டாளாம். புளிசாதம் நான் கிளறுகிறேன், டிக்கெட் கவுன்ட்டரில் எடுத்துக்கொள்வோம்.