ஐப்பசியில் அடிவாரம்

சனிக்கிழமை இரவு முழுக்க மழை. ஞாயிறு விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைக் காணவில்லை. கண்ணங்குறிச்சிக்கு அப்பால் வெறும் மேகம் நின்றது. கீழே இருந்து மனைவி, "இன்றைக்கும் போகிறோமா?" என்று கேட்டாள். மலை கண்ணுக்குத் தெரியாத நாளில்தான் மலையடிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பல வருட அனுபவம். இரண்டு குடை, ஒரு டப்பா எலுமிச்சைச் சாதம், தண்ணீர் பாட்டில். காலை டவுன் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டோம்.

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம், கடைசியாக ஏற்காட்டுக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மே மாதம் என்பார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு காரின் வாலைப் பிடித்து இன்னொரு கார். பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை, அதனால் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இந்த மலையும் அதன் அடிவாரமும் நிறைந்து நிற்பது புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைக்கும். அந்த மூன்று மாதமும் நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து, துணி காயவில்லை என்று மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் 'இலையுதிர் காலம்' என்று படித்தோம். அக்டோபரில் இலை மஞ்சளாகி விழுவது குளிர்நாட்டுக் கணக்கு. நம் அடிவாரத்து உசிலையும் வெப்பாலையும் இலையைக் கொட்டுவது மாசி பங்குனியில், மண்ணில் ஈரம் வற்றும்போது. ஐப்பசியில் அவை தழைத்துக் கிடக்கும். ஆவணி, புரட்டாசி கார்காலம்; ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம் என்று நம் முன்னோர்கள் பிரித்து வைத்தார்கள். கூதிர் ஏட்டோடு போய்விட்ட சொல் என்று நினைத்துவிடாதீர்கள். "கூதல் அடிக்கிறது, காதை மூடு கண்ணு" என்று என் பாட்டி சொல்வாரே, அந்தக் கூதலும் இந்தக் கூதிரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

குப்பனூர் பக்கம் இறங்கி, தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் திரும்பினோம். எங்கள் ஊர்ப்பக்கம் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர், மலைமேல் இருப்பதற்கும் காடு என்றுதான் பெயர். குச்சிக்கிழங்குக் காடு, சோளக்காடு, அதைத் தாண்டினால் வனத்துறையின் காடு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று நடக்கிறவனுக்குத்தான் தெரியும். ஜவ்வரிசி ஆலைக்குப் போகப்போகும் குச்சிக்கிழங்கு இப்போது ஆள் உயரம். விரல் விரித்த மாதிரியான இலைகளில் தங்கிய மழைத்தண்ணீர், தோள் பட்டதும் சட்டைக்குள் இறங்குகிறது. துவரை பூத்திருக்கிறது. வரப்பு ஓரத்தில், நகத்தளவு சிவப்பு வெல்வெட் துண்டைப் போல, பட்டுப்பூச்சி ஊர்கிறது. சின்ன வயதில் அதைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வகுப்புக்குக் கொண்டு போவோம். இன்று என் மகள் அதற்கு வழி விட்டுத் தாண்டிப் போனாள்.

வேலியில் செங்காந்தள் ஏறியிருந்தது. கார்த்திகைப் பூ என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் மாநிலப் பூ. பாடப் புத்தகத்திலும் அரசு விளம்பரத்திலும் படமாகப் பார்த்தவர்கள் ஒரு முறை அதன் அருகில் கால்மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பற்றுக்கம்பி தனியாகக் கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்கிறது. பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு இதழின் மேற்பாதி சிவக்கிறது, அடிப்பாதி மஞ்சளாகவே நிற்கிறது. கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழும் ஓரத்தில் நெளிந்து, பின்பக்கமாக மடங்கி மேலே நோக்கி நிற்கின்றன. மகரந்தக் காம்புகள் ஆறும் சக்கரத்தின் ஆரம் போலப் பக்கவாட்டில் நீள்கின்றன. ஒரே கொடியில் இந்த மூன்று நிறமும் இருந்தன. கிழங்கில் கொடிய விஷம், அதனால் பறிக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். காரில் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறவனுக்கு இந்தப் பூ ஒரு சிவப்புப் புள்ளி. அதுவும் கண்ணாடிக் கதவில் மழைத்துளி இல்லாவிட்டால்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஓடை. சேலத்துக்காரர்களுக்குத் திருமணிமுத்தாறு என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பாலம். அந்த ஆறு பிறப்பது இந்த மலையில்தான். பாறை இடுக்கில் முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். கல்லுக்குக் கல் தாவி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் வாலாட்டி. மஞ்சள் வயிறு, நீண்ட வால். இமயமலைப் பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாசி வாக்கில் நம் ஓடைகளுக்கு வந்துவிடும் பறவை. அவ்வளவு தூரம் பறந்து அது தேடி வருகிற இடத்துக்கு நாம் பதினைந்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் போகாமல் இருக்கிறோம்.

மலைக்கு மேலே போக நேரம் இருக்கிற வாரங்களில் கொட்டச்சேடு, நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை என்று ஊர் ஊராக நடப்போம். ஏரிக்கரையில் இறங்கி அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஏற்காடு என்பது ஒரு கடைத்தெரு. அதைச் சுற்றி எத்தனையோ சிற்றூர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒற்றையடிப்பாதை இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு இடையே காபிச் செடிகள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர், 200 வருடமாக இந்த மலையின் சோறு. ஐப்பசியில் காய் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். கார்த்திகையில் பழுக்கத் தொடங்கினால் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். போன வருடம் பழம் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் மகளின் கையில் ஒன்றை வைத்து, கடித்துப் பார் என்றார். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு மெல்லிய சதை, நல்ல இனிப்பு. காபி வாசனை துளியும் கிடையாது. தினமும் இரண்டு வேளை டிகிரி காபி குடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது 14 வயதில்தான் தெரிந்தது.

இந்தப் பாதைகள் மலையாளி மக்களுடையவை. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம். தமிழ் பேசும் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று குடியேறினார்கள் என்று அவர்கள் கதை சொல்வார்கள். சந்தைக்கு, கோயிலுக்கு, பெண் கொடுத்த ஊருக்கு நடந்து நடந்து உண்டான வழிகள் இவை. எந்த இன்ஜினியரும் போட்டதில்லை. ஆனால் சரிவு எங்கே குறைவு, மழைத்தண்ணீர் எங்கே அறுக்காது என்று கால்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் இதற்காகத்தான். பாதைகள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

அடிவாரத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்கிருந்து அடுத்த ஊருக்கு ஒரு வண்டிப்பாதை, இருபுறமும் கள்ளிவேலி, நடுவில் ஒரு புளியமரம். ஏழெட்டு வருடமாக நாங்கள் நடந்த வழி. ஆடி மாதம் போனபோது குறுக்கே கம்பிவேலி, சிமென்ட் தூண், பூட்டுப் போட்ட இரும்புக் கதவு. உள்ளே மனை பிரிக்கக் கல் நட்டிருந்தார்கள். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து நின்றார். "பஸ் இருக்கிறதே சாமி, நீங்கள் எதற்கு நடக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் எதற்கு நடக்கிறோம் என்பதைச் சொன்னோம். அவர் எதற்கு நடக்கிறார் என்பதை அவர் சொன்னார். மாட்டுக்குப் புல். முன்பு இந்த வழியாக வீட்டுக்குக் கால்மணி நேரம். இப்போது லாரி ஓடும் தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு முக்கால்மணி நேரம். புல்லுக்கட்டை இறக்கி வைக்கச் சாலை ஓரத்தில் ஒரு மேடைகூட இல்லை என்றார். முன்பு புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. அதுவும் இப்போது வேலிக்கு உள்ளே.

என் அக்கா மகன் இங்கிலாந்தில், மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். அக்டோபர் ஆனால் போதும், சனி ஞாயிறு நடைப் படங்களாக அனுப்புவான். மஞ்சள் இலை, ஈர வயல், கற்சுவரைத் தாண்டுவதற்கென்றே வைத்த படிகள், பாதையைக் காட்டும் மரப்பலகை. தனியார் நிலத்தின் நடுவே எப்படி விடுகிறார்கள் என்று கேட்டேன். அவன் சொன்ன பிறகு நானும் தேடிப் படித்தேன். அங்கேயும் சும்மா விடவில்லை. 1932 ஏப்ரலில் அவன் ஊருக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில், தடுக்கப்பட்ட இடத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக நடந்து போனார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் சட்டம் வந்தது. ஊர் ஊராகப் பொதுப்பாதை எது என்று வரைபடத்தில் குறிக்க வைத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிக் குறித்த பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழுதால் திரும்பச் சரிசெய்து கொடுப்பது உழுதவரின் பொறுப்பு.

இதைப் படித்ததும் எனக்கு ஏக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் நம்மிடம் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் கிராம வரைபடம் உண்டு, ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் புலப்படம் உண்டு. கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் 'வண்டிப்பாதை', 'நடைபாதை' என்று புறம்போக்காகவே எழுதி, சர்வே எண்ணும் விஸ்தீரணமும் கொடுத்திருப்பார்கள். அது அரசு நிலம், அதாவது நம் எல்லோருடைய நிலம். பாதையாகப் பயன்படும்வரை அதன்மேல் கை வைக்கத் தயங்குவார்கள். யாரும் நடக்கவில்லை, புல் முளைத்துவிட்டது, பார்த்தீனியம் மூடிவிட்டது என்றால் இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக வேலியை நகர்த்திக்கொள்வார்கள். இரண்டு மழைக்காலம் போனால் அங்கே பாதை இருந்தது என்று சொல்லவே ஆள் இருக்காது.

வனத்துறைக் காட்டுக்குள் இஷ்டம்போலப் போகலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ பலிகொண்டதை நாம் மறக்க முடியாது. காப்புக்காட்டுக்கு அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும்; 2024இல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களைத் திறந்திருக்கிறது, ஆசையுள்ளவர்கள் பதிவு செய்து போகலாம். மலைமேல் காட்டெருமை நடமாட்டம் உண்டு, அதனால் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் நடை வேண்டாம். இடி இடித்தால் ஊர்ப்பக்கம் வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நான் பேசுவது ஊர்களை இணைக்கும் பாதைகளைப் பற்றி. அங்கே நடக்க எந்த ஷூவும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். 70 வயது பாட்டி தலைச்சுமையோடு நடக்கிற வழி அது. போகிற ஊரில் டீக்கடையில் டீ குடியுங்கள். அவரைக்காயோ கொய்யாவோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வழி கேட்டு நடங்கள், வழியின் பெயரையும் கேளுங்கள். பல பாதைகளுக்குப் பெயர் இருக்கிறது, எங்கும் எழுதப்படாத பெயர். நாங்கள் இதுவரை ஒரு நோட்டில் பதினெட்டுப் பெயர்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தப் பூட்டிய கதவு விஷயத்தில், புலப்பட நகல் வாங்கிவிட்டோம். வண்டிப்பாதை அதில் தெளிவாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாயிற்று. நில அளவையர் வந்து அளக்க வேண்டும். அளக்கிற அன்று எங்களோடு யாரெல்லாம் வந்து நிற்க முடியும்? தேதி தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். மழையாக இருக்கலாம், குடை கொண்டு வாருங்கள்.