தவளைக்கு வக்காலத்து வாங்குகிறேன், அதற்கென்ன?

நம் குடியிருப்பின் பின்பக்க மழைநீர்க் குட்டையில் தவளைகளைக் கொல்ல பிளீச்சிங் பவுடரைக் கொட்டியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எல்லோருக்கும் தெரியும். நம் குடியிருப்போர் குழுவில் போட்ட அந்தப் படத்துக்குக் கட்டை விரல் தூக்கியவர்களையும் தெரியும். "இனி நிம்மதியாகத் தூங்கலாம்" என்று எழுதிய புண்ணியவான், தீபாவளிக்கு நள்ளிரவு வரை சரவெடி வெடித்தவர்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். நமக்குக் கண் எரிச்சலோடு போகிற மருந்து அதற்கு உடம்புக்குள்ளேயே இறங்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தேன். வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தவை போக, ஒன்று மட்டும் பின்னங்காலை இழுத்து இழுத்துக் கரையேறப் பார்த்தது. தலைப்பிரட்டைகள் அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தன.

குழந்தைகள் தொட்டால் மரு வருமாம். மரு வைரஸால் வருவது ஐயா. தேரையின் முதுகில் இருப்பவை சுரப்பிகள். வாயில் கவ்வுகிற நாய்க்குத்தான் அந்த நஞ்சால் ஆபத்து. தொட்ட பிள்ளை கையைக் கழுவினால் போதும். தவளை இருந்தால் பாம்பு வருமே என்கிறீர்களா? வரும்தான். எலிக்கும் வரும். குப்பைத் தொட்டியை யார் மூடுவது? சத்தமா? ஆண் தவளை துணையைக் கூப்பிடுகிறது, அதுவும் பெரும்பாலும் மழைக்கால இரவுகளில்தான்.

இது அரிய இனமில்லை, சாதாரணத் தவளைதான். ஒப்புக்கொள்கிறேன். அதனால் கொல்லலாமா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வயல்களில் சாக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக ஆட்கள் இறங்குவார்கள். பின்னங்கால்களை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரம். மழை விழுந்ததும் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை புடைக்கக் கத்தும் பெரிய ஆண் தவளைகள்தான் முதலில் சிக்கும். வயலில் பூச்சி பெருகிவிட்டது என்று அப்பா புலம்புவார். 1987-இல் அரசே அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அவர்களாவது வயிற்றுப் பிழைப்புக்குப் பிடித்தார்கள். நீங்கள்?

டெங்கு என்று ஆரம்பிக்காதீர்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது மூடியில்லாத மொட்டைமாடித் தொட்டியில், உங்கள் பூந்தொட்டித் தட்டில். போன கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது எல்லோரும் கைப்பேசியில் மூழ்கியிருந்தீர்கள். எனக்குத் "தவளை வக்கீல்" என்று பெயர் வைத்தீர்கள், அதை என் மனைவியிடமே சொல்லிச் சிரித்தீர்கள். மாதச் சந்தாவை ஒருநாளும் தாமதிக்காமல் கட்டுகிறவன் நான். தொட்டி மூடிக்கு வசூலித்த பணம் எங்கே என்று அடுத்த கூட்டத்தில் கேட்பேன். அதற்கும் சிரிப்புப் பொம்மை போடுங்கள்.