பெயரைப் போடலாமா என்று அந்தத் தம்பி கேட்டான்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் நின்றுபோனது, மாதக் கணக்கில் வரவே இல்லை. லாரித் தண்ணீர்தான். வாளி, குடம், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற டப் வரை தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்போம்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் எழுதிவைத்தே பழகிவிட்டது. லாரி வந்த நாள், நேரம், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் குறித்துவந்தேன். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. சில வாரம் ஒரு நாள்தான்.

ஒருநாள் ஊர்ப் பத்திரிகையில் வேலை செய்கிற தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். சின்னப் பத்திரிகை. கோயில் திருவிழா, கால்பந்து, இறப்பு அறிவிப்பு, அதற்கு நடுவே கவுன்சில் செய்தி. செய்தி எழுதுவதும் போட்டோ எடுப்பதும் கடை கடையாக விளம்பரம் கேட்பதும் அவன் ஒருவனே. கையில் தண்ணீர் லாரி ஒப்பந்தக்காரர் நகராட்சிக்குக் கொடுத்த கணக்குத் தாளின் நகல் இருந்தது. எங்கள் தெருவுக்குத் தினமும் லாரி வந்ததாகவும், சில நாள் மூன்று நடை அடித்ததாகவும் அதில் எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள். என் நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஆன்ட்டி, இதைப் போட்டோ எடுத்துக்கலாமா? உங்க பேரைப் போடலாமா?"

போட்டோ எடுத்துக்கொள், பேர் மட்டும் வேண்டாம் தம்பி என்றேன்.

லாரிக்காரர் வேற்று ஆள் இல்லை. ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பந்தல் செலவு அவருடையது. அவர் அம்மா பூஜையில் என் பக்கத்தில் உட்காருகிறவர். என் பேரன் அவர் தம்பி மகனோடு ஒரே காரில் பள்ளிக்குப் போகிறான். இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன்.

செய்தி வெளிவந்தது. என் பேருக்குப் பதில் "அப்பகுதிவாசி ஒருவர்" என்று இருந்தது. அடுத்த வாரமே வக்கீல் கடிதம். பெயர் சொல்லாத ஒருவரின் நோட்டு எப்படிச் சாட்சியாகும் என்று அதில் கேட்டிருந்தார்கள். ஹார்டுவேர் கடை விளம்பரம் நின்றது, பர்னிச்சர் கடை விளம்பரம் நின்றது. வீட்டு வாசலில் ராத்திரி ஒரு கார் லைட்டை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்ததாக அந்தத் தம்பியின் அம்மா என்னிடம் அழுதார். பத்திரிகை ஒரு சின்ன விளக்கம் போட்டுப் பின்வாங்கியது. ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டுக் கால் சென்டருக்குப் போய்விட்டான். அவனை அப்படித் தனியாக நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி.

அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 நவம்பரில் நல்ல தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. வாயை அடைப்பதற்கென்றே ஒருவர் வழக்குப் போட்டால், அதையே எதிர்வாதமாக வைக்கலாம் என்றார்கள். சரி, அதை எடுத்துச்சொல்ல வக்கீல் வேண்டாமா? டர்பனில் ஒரு வக்கீலின் ஒரு நாள் கட்டணத்துக்கு எங்கள் ஊர்ப் பத்திரிகையின் ஒரு மாத விளம்பரக் காசு காணாது.

பபிதா தேவ்கரனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையிலிருந்து போன சந்தேகமான பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்ட் 23 காலை மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட வழக்கில் ஆறு பேர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். ஏவியது யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தோண்டியவர் நியூஸ்24 நிருபர் ஜெஃப் விக்ஸ். அதே மருத்துவமனை 200 ஜோடி ஸ்கின்னி ஜீன்ஸ் வாங்கியது, ஜோடி 2,500 ரேண்ட், மொத்தம் 5 லட்சம் ரேண்ட் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். 5 லட்சத்துக்கு உள்ளே இருந்தால் மருத்துவமனைத் தலைமை அதிகாரியே கையெழுத்துப் போடலாம், டெண்டர் வேண்டாம். அதனால் பெரிய கொள்ளையை 5 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிற துண்டுகளாக நறுக்கினார்கள். 2025 செப்டம்பரில் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு கணக்குச் சொன்னபோது 200 கோடி ரேண்டுக்கு மேல் போயிருந்தது, மூன்று கும்பல்களின் கையில்.

சின்ன ஊரிலும் நடப்பது இதே நறுக்கல்தான். வெள்ளம் வந்தால் அவசரநிலை. நகராட்சிக் கொள்முதல் விதிகளில் 36ஆம் விதி, அவசரத்தில் டெண்டர் இல்லாமலே வாங்க அனுமதிக்கிறது. விதியில் தப்பில்லை, மக்கள் தாகத்தோடு நிற்கும்போது டெண்டர் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தக் கதவு திறந்ததும் முதலில் நுழைகிறவன் யார் என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்தோம். கட்டட வேலை என்றால் இன்னொரு வழி. பெரிய ஒப்பந்தங்களில் முடிந்த இடத்தில் 30 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று 2017இல் நிதித்துறை விதி வந்தது. 2023இல் அந்த விதி போய்விட்டது. இன்னும் அதையே பிடித்துக்கொண்டு 'பிசினஸ் ஃபோரம்' என்ற பெயரில் ஆட்கள் துப்பாக்கியோடு வேலைத்தளத்துக்கு வந்து "எங்க 30 பெர்சன்ட் எங்கே" என்று கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வேலை நிற்கும். இங்கே 30 பெர்சன்ட் என்றால் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும்.

'இன்கபி' என்ற சூலு சொல்லும் அப்படித்தான். சொல்லுக்குப் பொருள் எருது. எங்கள் மாகாணத்தில் அது கூலிக்குக் கொலை செய்கிறவன். சிந்திசோ மகாகா உம்சிம்குலு என்ற சிற்றூரின் கவுன்சிலர். ஒரு நினைவு மண்டபத்தைக் கட்டப் போன பணம் என்ன ஆயிற்று என்று கேட்டவர். 2017 ஜூலையில் சுட்டார்கள், செப்டம்பரில் இறந்தார். ஒரு மண்டபம், அவ்வளவுதான். இவர்கள் கொலை செய்ய நூறு கோடி தேவையில்லை.

அதனால்தான் பெரிய பத்திரிகைகள் இருக்கின்றனவே, அவை பார்த்துக்கொள்ளும் என்று என் நண்பர்கள் சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் நிருபர் எங்கள் ஊருக்கு வருவது யாராவது செத்த பிறகு. மண்டபத்துக்குப் போட்ட முதல் லோடு செங்கல் யார் வீட்டு மதிலுக்குப் போனது என்று தெரிந்தவன் இங்கேயே பிறந்து வளர்ந்த நிருபன்தான். தணிக்கைத் தலைவரின் அறிக்கைப்படி 2023-24இல் 257 நகராட்சிகளில் 41தான் குறையில்லாத கணக்கு வைத்திருந்தன. மீதி 216 இடங்களிலும் யாராவது ஒருவர் ஊரிலேயே உட்கார்ந்து தாள்களைப் புரட்ட வேண்டும். ஊர்க்காரன் என்பதால்தான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. அவன் வீடு எது, அம்மா எந்தக் கடையில் காய் வாங்குகிறார் என்று அவர்களுக்குத் தெரிவதும் அதனால்தான்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. பி.எஸ். ஐயர் 1908இல் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' பத்திரிகையைத் தமிழும் ஆங்கிலமுமாகத் தொடங்கினார். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விழுந்த 3 பவுன் வரியை விடாமல் எதிர்த்து எழுதினார். அந்த வரி 1914இல்தான் ஒழிந்தது. அவர் எதிர்த்தது அரசாங்கத்தையும் கரும்புத் தோட்ட முதலாளிகளையும். அவருக்கு நம் சனங்கள் பக்கத்தில் நின்றார்கள். இன்று ஒருவன் நம் பந்தலுக்குப் பணம் கொடுத்தவரை எதிர்த்து எழுதினால் நாம் எங்கே நிற்கிறோம்?

கோயில் கமிட்டிகளைத்தான் நான் முதலில் கேட்பேன். நகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் நன்கொடை வாங்காதீர்கள். கூழுக்கு மாவும் மோரும் நாம் 50 ரேண்ட், 100 ரேண்ட் போட்டாலே வந்துவிடும். பந்தல் சின்னதாக இருக்கட்டும், அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறாரே என்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் கூலியும் வராத தண்ணீருக்கு நாம் கொடுத்த காசிலிருந்துதான் போகிறது. அப்புறம், ஊர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிற சின்னக் கடைக்காரர்களே, மிரட்டல் வந்தால் ஒருவர் மட்டும் விலகாதீர்கள், பேசிக்கொள்ளுங்கள், எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள்.

பயம் பொய்யில்லை. தனியாகப் பெயரைக் கொடு என்று நான் யாரையும் கேட்க மாட்டேன். ஒரு பெயர் இருந்தால் ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கும். முப்பது பெயர் இருந்தால் எந்த வாசலில் நிறுத்துவார்கள்?

போன வாரம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். கோபமே இல்லை அவனிடம், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தக் கணக்குத் தாளின் நகலை இன்னும் வைத்திருக்கிறான். மறுநாளே நான் என் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப்பிரமாண வாக்குமூலம் எழுதி, முத்திரை வாங்கிவிட்டேன். இந்த முறை என் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது.

இதையே ஆங்கிலத்தில் எழுதித் தெரு வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டேன். தமிழ் வாசிக்கிறவர்கள் எங்கள் தெருவில் இப்போது நாலைந்து பேர்தான். இது அவர்களுக்கும், வேறு வேறு ஊர்களில் கோயில் கமிட்டியில் இருக்கிற உங்களுக்கும்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் 4 மணிக்குக் கோயில் மண்டப வாசலில் இருப்பேன். 2022இல் ரோட்டோரம் வாளியோடு என்னுடன் நின்றவர்கள் வாருங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாக்குமூலப் படிவத்தை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.