பேஸ்பால் ரசிகருக்கு எண்கள் புதிதல்ல

"பேஸ்பாலில் புள்ளிவிவரமே 2002-ல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணி கொண்டுவந்ததுதான், அதுவரை ரசிகர்கள் கணக்குப் பார்க்காமல் ஆட்டத்தை ரசித்தார்கள்" என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் 1859-லேயே ஆட்டக் கணக்கை அட்டவணையாக அச்சிட்டார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1947-ல் ஆலன் ராத் என்பவரைப் புள்ளிவிவர வேலைக்கென்றே அமர்த்தியது. ரசிகர்களும் பென்சிலும் ஸ்கோர் அட்டையுமாக மைதானத்துக்கு வந்தவர்கள்தாம்.

1941 சீசனின் கடைசி நாள். பாஸ்டன் அணி வீரர் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி 0.39955. அடிக்க இறங்கிய முறைகளில் எத்தனை பங்கு ஹிட் என்பதே இந்தச் சராசரி; பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் ஓட்ட நிலையை அவுட்டாகாமல் எட்டுவதுதான் ஹிட். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அது முழுமையாக்கப்பட்டு, அரிய எல்லையான 0.400 என்றே பதிவாகியிருக்கும். அவரோ அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 முறையில் 6 ஹிட் அடித்து, 0.406-ல் முடித்தார். அந்த எண்ணை ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எண்ணை எடுத்துவிட்டால் அந்த நாளின் துணிச்சலை எப்படி விளக்குவது?

நவீன ஆட்டம் பற்றிய பழைய ரசிகர்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு: 2018-ல் முதன்முறையாக ஹிட்டுகளைவிட ஸ்டிரைக்அவுட்கள் (மூன்று ஸ்டிரைக் விழுந்து பேட்டர் அவுட்டாவது) அதிகமாயின. ஆனால் ஓக்லண்ட் எண்களைக் கண்டுபிடிக்கவில்லை. வாக் (எல்லைக்கு வெளியே வீசப்பட்ட நான்கு பந்துகளுக்காக அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது) வாங்கியாவது பேஸுக்குப் போய்ச் சேரும் வீரர்களை மற்ற அணிகள் மலிவாக எடைபோட்டன. அவர்களை ஓக்லண்ட் தேடிப் பிடித்தது, அவ்வளவுதான்.