தடை தோற்றதா, காவல்காரர் தூங்கினாரா?

உக்ரைன் போருக்காக ரஷ்யா மேல் மேற்கு நாடுகள் போட்ட தடையைப் பற்றிய நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "ரஷ்யா இன்னும் எண்ணெய் விற்குது, அப்புறம் என்ன பொருளாதாரத் தடை?" என்றதும் அரங்கமே சிரித்தது. சிரியுங்கள். ரஷ்யா யாருக்குமே விற்கக் கூடாது என்று யார் சொன்னது? 2022 டிசம்பர் 5 முதல் ஜி7 நாடுகள் மற்றவர்களுக்குச் சொன்னது இதுதான்: பீப்பாய் 60 டாலரைத் தாண்டினால் எங்கள் கப்பல், காப்பீடு, தரகு கிடையாது. சந்தைக்கு எண்ணெய் வரணும், ரஷ்யாவின் லாபம் குறையணும். திட்டமே அதுதான்.

திட்டம் சரி. காவல்தான் சொதப்பல். விலைப்பட்டியல் தரகர் கையில். காப்பீட்டுக்காரருக்கு 'வரம்புக்குள்தான் வாங்கினோம்' என்றொரு உறுதிச்சான்று போதும். எண்ணெய்க்கு 59 என்று எழுதி, மிச்சத்தைக் கப்பல் வாடகையில் ஏற்றினால் கணக்கு கச்சிதம். ரஷ்யாவின் முக்கிய ஏற்றுமதி ரகமான யூரல்ஸ் எண்ணெய் 60ஐத் தாண்டியது 2023 ஜூலையில். அமெரிக்கா முதன்முதலாக இரண்டு டேங்கர்களின் உரிமையாளர்கள் மேல் கைவைத்தது அக்டோபரில். பயணத்துக்குப் பயணம் தனிச் சான்று என்ற விதி டிசம்பரில். என்ன வேகம்!

அதற்குள் பழைய டேங்கர்கள், கடன்கொடி (வேறொரு நாட்டின் பெயரில் பதிவு), அணைத்துவைத்த ஏ.ஐ.எஸ். (கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி), நடுக்கடலில் எண்ணெய் மாற்றல் என்று நிழல் கப்பற்கூட்டம் வளர்ந்துவிட்டது. மேற்கின் காப்பீடே வேண்டாம் என்பவனைக் காப்பீட்டை வைத்து எப்படி மடக்குவது? அதனால்தான் கப்பலையே தடைப் பட்டியலில் போட ஆரம்பித்தார்கள். பெயர் மாறும், கொடி மாறும், கப்பலின் நிரந்தர அடையாளமான ஐ.எம்.ஓ. எண் மாறாது. 2025 ஜனவரி 10 அன்று மட்டும் அமெரிக்கா 180க்கும் மேற்பட்ட கப்பல்களைச் சேர்த்தது. செப்டம்பரில் ஐரோப்பா தன் வரம்பை 47.6 டாலராக இறக்கியது. தடை தோற்கவில்லை ஐயா, தாமதமானது.

"இராக்கில் புகுந்த அமெரிக்காவுக்கு யார் தடை போட்டது?" என்பீர்கள். நியாயமான கோபம். அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. "மேற்கின் அடிவருடி" என்பவர்களுக்கு என்ன சொல்ல? இத்தனை வருடம் எழுதியதைப் படித்தவர்களே அப்படிச் சொல்லும்போது வலிக்கிறது, அவ்வளவுதான்.

உக்ரைனில் விழும் ஏவுகணைக்குள் மேற்கத்திய சிப் இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் சிரிக்கவில்லை? ரஷ்யாவுக்குப் போகாமல் முதலில் தடுக்க வேண்டிய பொருட்கள் என்று மேற்கு போட்ட முன்னுரிமைப் பட்டியலில் 50 சுங்கக் குறியீடுகள். 8542.31 என்றால் பிராசஸர், 8542.32 என்றால் மெமரி. மூன்றாவது நாட்டில் புதிதாய் முளைத்த கம்பெனி வாங்கும், அடுத்த லாரியில் ரஷ்யா போகும். விற்கிறவர் 'ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியே தீரவேண்டும் என்று ஐரோப்பா கட்டாயமாக்கியது 2024 மார்ச்சில். போர் தொடங்கி இரண்டு வருடம் கழித்து!

உருப்படியாக வேலை செய்தது 2023 டிசம்பர் அமெரிக்க ஆணை. ராணுவத் தளவாட வியாபாரத்துக்கு உதவும் வெளிநாட்டு வங்கிக்கு டாலர் கதவு மூடும் என்றது. துருக்கி, சீனா, அமீரக வங்கிகள் ரஷ்யப் பணப் பரிமாற்றத்தை இழுத்தடிக்கத் தொடங்கின. தடை வெறும் காமெடி என்றால் அந்த வங்கிகள் எதற்குப் பயந்தன? நேற்று சிரித்தவர்கள் யாராவது கமெண்டில் சொல்லட்டும்.