ஸ்டீல் ரவை போட்டாலும் வேட்டை வேட்டைதான்

மேலே ஒரு அண்ணன், ஈய ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) எடுத்துவிட்டு ஸ்டீல் ரவை போட்டுத் தோட்டாவை மறுபடி நிரப்பினால், நம் கண்மாய்களில் வாத்து சுடுவது சட்டப்படி சரி என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க.

அது அமெரிக்க விதி. சிதறிய ஈய ரவையைக் குளத்தடியில் வாத்துகள், இரை அரைக்க உதவும் கல்மணி என்று நினைத்து விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறும். அதனால் 1991 முதல் அங்கே நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. வேட்டைக்கு அங்கே உரிமம் உண்டு. இங்கே ரவை எதுவானாலும் காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும், அது வேட்டைக்கான அனுமதி ஆகாது.

சரிபார்ப்பது எளிது. 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்து வேட்டையைத் தடை செய்யும் 9ஆம் பிரிவைப் படியுங்கள். 'வேட்டை' என்பதற்கான விளக்கம் 2ஆம் பிரிவில். முயற்சி செய்வதும் அதில் அடக்கம். பிறகு, தடை எந்தெந்த உயிர்களுக்கு என்று சொல்லும் அட்டவணைகளில், உதாரணத்துக்கு ஊசிவால் வாத்து (Northern Pintail) என்ற காட்டு வாத்து இருக்கிறதா என்று தேடுங்கள். ரவை எந்த உலோகம் என்ற பேச்சே அங்கு வராது.

(சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அந்தப் பக்கத்துக்காரரான அந்த அண்ணனே இதை எழுதியதுதான் ஆச்சரியம்.)